மும்மா வோல்ட்டு: பழைய கேமராவின் பேட்டரி குறித்து ஓர் ஆராய்ச்சி

இருபதில் ஒரு பங்குக்கு நம் முன்னோர் வைத்த பெயர் ‘மா’. மூன்று சேர்ந்தால் மும்மா. நெல்லுக்கும் நிலத்துக்கும் பயன்பட்ட இந்தக் கீழ்வாயிலக்கம், உண்மையில் 1972-இல் ஜப்பானில் வெளிவந்த, பொறியாளர் மைதானி வடிவமைத்த ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவின் பேட்டரிச் சிக்கலுக்காகவே படைக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு. கால முரண் பற்றிய வினாக்கள் ஏற்கப்படமாட்டா.

அக்கேமராவின் அடியில் காசை வைத்துத் திருகினால் ஒரு மூடி திறக்கும். அங்கே குடியிருக்க வேண்டியது பிஎக்ஸ்625 என்னும் பாதரசப் பேட்டரி, 1.35 வோல்ட்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இனம் இது. கடைசி நாள்வரை தானே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்துவிட்டு, ஒரு காலையில் எழாமல் போய்விடும் தாத்தாவைப் போல, ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் வாழ்ந்து சட்டென்று முடிந்துவிடும். அந்த ஒழுக்கத்தை நம்பித்தான் ஒளிமானியை அமைத்தார்கள். ஆனால் பாதரசம் நஞ்சு. அமெரிக்கா 1996-இல் சட்டம் போட்டு அப்பேட்டரியை விலக்கியது; பிற நாடுகளும் விலக்கின. பாதரசக் கழிவால் ஜப்பானின் மினமாட்டா மக்கள் பட்டதை அறிந்தவர் எவரும் இதற்காக அழமாட்டார்.

இனிப் பூர்வபட்சம். அதே அளவில் அல்கலைன் கிடைக்கிறதே என்பர். அதன் 1.5 வோல்ட்டு மும்மா மிகை. போதாக்குறைக்கு நாளுக்கு நாள் இறங்கும். இன்றைய பிழை நாளைய பிழை அன்று. மிகை வோல்ட்டில் ஒளிமானியின் முள் துள்ளி, இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகச் சொல்லும், படம் இருண்டுபோகும். சான்று: அத்தை மகன் கல்யாணத்தில் நான் எடுத்த ரோல். பந்தல் விளக்குகள் தெளிவு. மாப்பிள்ளை அனுமானப் பிரமாணத்தால் மட்டுமே அறியத்தக்கவர்.

வெள்ளி ஆக்சைடு நிலையானது, ஆனால் 1.55, நாலுமா மிகை. அந்த நாலுமாவை விழுங்க டயோடு வைத்த அடாப்டர் உண்டு. ஆய்வாளரின் பொருளாதாரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. (பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்காரர்கள் சிரிக்கக் கூடும். அவர்களுடையது பிரிட்ஜ் சர்க்யூட். வோல்ட்டு மாறினாலும் கணக்கு மாறாது. அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.)

சித்தாந்தம்: காது மெஷினுக்குப் போடும் 675. துத்தநாகமும் காற்றும் கூடி இயங்குவது, 1.4 வோல்ட்டு, ஒரு மா மட்டுமே மிகை. களஆய்வுக்காகக் கடைக்குச் சென்றேன்.

“யாருக்குங்க, அப்பாவுக்கா?”

“கேமராவுக்கு.”

கடைக்காரர் சற்று யோசித்து, “அதுக்கும் காது கேக்கலையா?” என்றார். இத்துறையில் எழுப்பப்பட்ட ஆகச் சிறந்த வினா இதுவே. விடை இன்னும் எழுதப்படவில்லை.

675-இன் குறுக்களவு 11.6 மில்லிமீட்டர். குழியோ ஏறத்தாழ 16. இடைவெளியை ஒரு ரப்பர் வாஷர் நிரப்பிற்று. பேட்டரியின் நீல ஒட்டுத்தாளை உரித்த கணம் முதல் அது மூச்சு விடத் தொடங்கும். ஒட்டுத்தாளை மறுபடி ஒட்டினாலும், கேமராவின் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. சில வாரங்களில், மிஞ்சினால் ஓரிரு மாதங்களில் ஆயுள் முடியும். அட்டைக்கு ஆறு வருவதால் துக்கம் நீடிப்பதில்லை.

இறுதியாக ஒரு தகவல். ஓஎம்-1-இன் ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திரம். பேட்டரியே இல்லாமல் எல்லா வேகத்திலும் படம் எடுக்கும்.