சும்மா இருக்கச் சொன்ன அரசாங்கம்

2020 ஜனவரி 12, ஞாயிறு. காலை ஏழரைக்கு முன்பே ஒன்ராறியோ முழுக்கக் கைபேசிகள் அலறின. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவமாம். வழக்கத்துக்கு மாறான கதிர்வீச்சு இல்லையாம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாமாம். என்ன தெளிவு! பக்கத்து ஊரான அஜக்ஸில் போர்வையை விலக்காமலே ஆணையை நிறைவேற்றினோம். சித்தர்கள் ஆயுள் முழுக்கப் பயின்ற சும்மா இருத்தல், ஒரே குறுஞ்செய்தியில் கைகூடியது. ஞானம் வாய்க்காத சிலர் மட்டும் இணையத்தில் அயோடின் மாத்திரைக்கு முண்டியடித்தார்கள்.

சரியாக 108 நிமிடம் கழித்து மறுப்பு வந்தது. அர்ச்சனைக் கணக்குக்கூடத் தவறவில்லை, பாருங்கள். சம்பவமே நடக்கவில்லையாம். பிறகு விசாரணையில் தெரிந்தது: பணியிலிருந்த அலுவலர் பயிற்சித் திரை என்று நினைத்து நிஜத் திரையில் அழுத்திவிட்டார்.