நான் எடுத்த அஞ்சு பேர்

பனி கொட்டிப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் எங்கள் வீட்டில் வழக்கமாக நடக்காத ஒன்று நடக்கும். நானும் என் பையனும் ஒரே அறையில் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் இருப்போம். நியூ ஜெர்சியில், எடிசனில், போன குளிர்காலத்தில் அப்படி ஒரு நாள். வாசலில் முக்கால் முழம் பனி. அதைத் தள்ள வேண்டியவன் நான். தள்ளாமலிருக்க ஒரு நல்ல காரணம் கிடைக்குமா என்று ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவன் கேட்டான்: "அப்பா, ஆல் டைம் டிராஃப்ட் போடலாமா?"

விஷயம் இதுதான். என்.பி.ஏ. கூடைப்பந்தில் இன்றுவரை ஆடிய யாரையும், இருக்கிறவர் போனவர் பார்க்காமல், அவரவர் நல்ல வயதில் எடுத்து ஆளுக்கு ஐந்து பேர் சேர்க்க வேண்டும். முதல் ஆள் எனக்கு என்றால் அடுத்த இரண்டு அவனுக்கு, பிறகு இரண்டு எனக்கு. இப்படி வளைந்து வளைந்து போவதால் ஸ்னேக் டிராஃப்ட் என்று பெயர். ஐந்தைந்து பேர் சேர்ந்ததும் ஆட்டமெல்லாம் கிடையாது. எந்த அணி ஜெயிக்கும் என்று தொண்டை வற்றும்வரை சண்டைதான். நடக்கவே முடியாத ஆட்டத்தில் தோற்கவும் முடியாது என்று நம்பித்தான் உட்கார்ந்தேன்.

டாஸ் எனக்கு விழுந்தது. யோசிக்கவே இல்லை, மைக்கேல் ஜோர்டன். ஆறு முறை இறுதிப்போட்டிக்குப் போய் ஆறு முறையும் கோப்பையோடு திரும்பியவர். என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1984 டிராஃப்டில் அவரை மூன்றாவதாகத்தான் எடுத்தார்கள். இரண்டாவதாக எடுக்க வாய்ப்பிருந்த போர்ட்லாண்ட், சாம் போவியை எடுத்துவிட்டு இன்றைக்கும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தப்பை நான் செய்யவில்லை என்ற பெருமையில் சோபாவில் சாய்ந்தேன். என் கூடைப்பந்து ஞானம் அதோடு தீர்ந்துவிட்டது என்பது பையனுக்குத் தெரியும்.

அவன் லெப்ரான் ஜேம்ஸையும் ஸ்டீஃபன் கரியையும் எடுத்தான். நான் வில்ட் சேம்பர்லினை எடுத்தேன். 1962 மார்ச் 2 அன்று, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்கிற ஊரில், ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் அடித்தவர். அந்த சீசன் முழுக்க அவருடைய சராசரியே 50.4. அன்றைய கூட்டம் 4,124 பேர், வீடியோ கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தில் அறுபது தாண்டிய யாரிடம் பேச்சுக்கொடுத்தாலும், அவர் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அன்றைக்கு அங்கே போயிருப்பார்.

அடுத்து ஷகீல் ஓ'நீல், சுருக்கமாக ஷேக். இது ஊர்ப்பாசம். மனுஷன் பிறந்தது நியூவார்க்கில். நமக்கு அரைமணி நேரத் தூரம்.

"ரெண்டு பேருமே சென்டர்ப்பா, ஒரே இடத்துல ஆடறவங்க," என்றான் பையன்.

"ரெண்டு பேருமே ஏழடி ஒரு அங்குலம்டா," என்றேன். பதில் சொல்லிவிட்டதாகவே அப்போது நினைத்தேன்.

அவன் ஸ்காட்டி பிப்பனையும் நிக்கோலா யோக்கிச்சையும் எடுத்தான். யோக்கிச் செர்பியாக்காரர். 2014 டிராஃப்டில் 41ஆவது ஆள். அவர் பெயரை அறிவித்த நேரத்தில் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் உணவகத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. (என் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சி கிடையாது, கேமராக்காரர் அப்போது முதல் பந்தியில் இருந்தார். அதனால் யோக்கிச்சின் மீது எனக்குத் தனி வாஞ்சை உண்டு.) நான் மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் இருவரையும் வாரிக்கொண்டேன். கடைசி ஆளாக அவன் டென்னிஸ் ராட்மனை எடுத்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தலைமுடியை வாரம் ஒரு நிறத்தில் மாற்றிக்கொண்டவர். 1996இல் தன் புத்தகத்தைப் பிரபலப்படுத்தக் கல்யாண கவுன் போட்டுக்கொண்டு நியூயார்க்கில் வந்து இறங்கியவர். ஜோர்டன், வில்ட், ஷேக், மேஜிக், பேர்ட் என்று பத்திரிகை அடித்த மாதிரி நிற்கும் என் வரிசைக்கு எதிரே இந்த ஆளா?

சண்டை தொடங்கியது. வில்ட் ஆடிய காலத்தில் எதிரே நின்றதெல்லாம் பிளம்பர்கள் என்றான் பையன். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களை மட்டம் தட்ட இங்கே வழக்கமாகச் சொல்வது அது. சம்பளம் போதாமல் கோடையில் வேறு வேலைக்குப் போன ஆட்டக்காரர்கள் அப்போது உண்டுதான்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அந்தப் பிளம்பர்ல ஒருத்தரை வரச்சொல்லுங்களேன். கீழ சிங்க் மூணு வாரமா ஒழுகுது."

நான் காது கேளாதவன்போல் மூன்று பாயிண்ட் கோட்டுக்குப் போனேன், அதற்கு வெளியே நின்று போட்டு விழுந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று பாயிண்ட். அந்தக் கோட்டை என்.பி.ஏ. போட்டதே 1979இல்தான். வில்ட் அதற்கு ஆறு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே பழைய விதிப்படி, கோடே இல்லாமல் ஆடலாம் என்றேன். பையன் மறுத்தான். கரி ஒரே சீசனில் 402 மூன்று பாயிண்ட் போட்டவர், கோட்டை அழித்தால் அவர் எங்கே போவார்? சரி, கோடு இருக்கட்டும், ஷேக்கும் போடுவார் என்றேன். கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கேரியர் மொத்தமும் 22 தடவை போட்டிருக்கார்ப்பா. ஒண்ணு விழுந்திருக்கு."

அதுவரை மூலையில் தமிழ்ப் பேப்பரை டேப்லெட்டில் படித்துக்கொண்டிருந்த என் மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். ஆறு மாத விசாவில் வந்திருப்பவர். பள்ளிக்கூட அணிக்காக மண் தரையில் வெறுங்காலோடு ஆடியவர். இதை அவர் சொல்லி நாங்கள் அறிவோம், பலமுறை.

"மாப்ளே, உங்க டீம்ல ஃப்ரீ த்ரோ யாரு போடுவா?"

"யாரை அடிக்கிறாங்களோ அவங்கதான் மாமா போடணும்."

"அப்ப அந்த ரெண்டு நெட்டையனையும்தானே அடிப்பான்? அவங்க எப்படிப் போடுவாங்க?"

பையன் வாசித்தான். ஷேக் 52.7 சதவீதம், வில்ட் 51.1. மாமனார் என்னைப் பார்த்த பார்வையைப் பதினேழு வருஷத்துக்கு முன் என் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன். "பதினஞ்சு அடி. எவனும் மறிக்கமாட்டான். நூத்துக்கு அம்பதா?"

எனக்கும் ரோஷம் வந்தது. அந்த 100 பாயிண்ட் ஆட்டத்தில் வில்ட் 32 ஃப்ரீ த்ரோவில் 28 போட்டார் மாமா என்றேன். எப்படி என்று கேட்டார். அந்த சீசனில் அவர் இரண்டு கையாலும் முழங்காலுக்கிடையிலிருந்து தூக்கிப் போட்டார். இங்கே அதற்குப் பாட்டி எறிதல் என்று பெயர். பார்க்கப் பெண்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார், அதைத் தன் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டுமிருக்கிறார்.

"விட்டுட்டாரா? விழற பந்தை விட்டுட்டாரா?" மாமனார் எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். சோபாவில் மடிக்காமல் கிடந்த துணிக் குவியலிலிருந்து காலுறைகளை எடுத்து உருண்டையாகச் சுருட்டினார். சலவைக் கூடையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, பதினைந்து அடியைக் காலால் அளந்து நின்றார். எழுபத்து நாலு வயது முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. உருண்டை மின்விசிறியின் உயரத்துக்கு எழும்பி, அவசரமில்லாமல் கூடைக்குள் இறங்கியது. பத்துக்கு ஏழு. நான் ஜோர்டன் மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் போட்டதில் பத்துக்கு மூன்று. நான்காவது சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று சிறு தகராறு.

கிண்ணத்தைத் துடைக்க வந்த என் மனைவி நின்று இரண்டு அணியையும் ஒருமுறை கேட்டாள். "பந்து ஒண்ணுதானே?" என்றாள்.

ஒன்றுதான் என்றோம்.

"உங்க ஆளுங்க அஞ்சு பேரும் அதைக் கையில வெச்சிருக்கணும். சரி, இந்தக் கவுன்காரருக்கு என்ன வேலை?"

பையன் உற்சாகமாக விளக்கினான். ராட்மன் ஆட்டத்துக்குச் சராசரி 7.3 பாயிண்ட்தான் எடுத்தார். பந்தே கேட்கமாட்டார். மற்றவர்கள் போட்டு விழாததைப் பாய்ந்து பிடிப்பார், எதிரணியின் பெரிய ஆளை ஒட்டிக்கொண்டே திரிவார். ரீபவுண்டில் தொடர்ந்து ஏழு சீசன் அவர்தான் முதலிடம்.

"அப்ப அந்த வீட்ல பாத்திரம் தேய்க்க ஆள் இருக்கு," என்றாள். "இங்க அஞ்சு பேரும் மாப்பிள்ளை." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பிப் பார்த்துச் சேர்த்தாள்: "பனியைத் தள்ளலையா இன்னும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் லாரி பேர்டை வைத்திருந்தேன். 1985 கோடையில் அவர் தன் அம்மா வீட்டு வாசலில் வண்டிப் பாதை போட ஜல்லியை மண்வாரியால் அள்ளிக் கொட்டினார். முதுகு போயிற்று. கடைசி வருஷங்களில் பெஞ்சில் உட்காரமுடியாமல் ஆடுகளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கிடந்து ஆட்டம் பார்த்தார். பேர்டுக்கே அந்தக் கதி என்றால் என் முதுகு எம்மாத்திரம்? செய்முறை விளக்கமாகக் கம்பளத்தில் நானும் குப்புறப் படுத்தேன்.

"அவர் அள்ளினதுக்கப்புறம் படுத்தார்," என்றாள்.

தரையிலிருந்து பார்த்தால் வாசற்கதவு நன்றாகத் தெரிகிறது. மாமனார் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு மண்வாரியைத் தேடிக்கொண்டிருந்தார். இதற்குமேல் படுத்திருக்க மானஸ்தனால் முடியாது.

வெளியே பாதிப் பாதைகூடத் தாண்டவில்லை, மாடி ஜன்னல் திறந்தது. பையன் இரண்டு அணியையும் வீடியோ கேமில் ஏற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறான். "அப்பா! 118 - 109! நீ தோத்துட்ட! ஷேக்கும் வில்ட்டும் சேர்ந்து 24 ஃப்ரீ த்ரோவுல 11!"

"ஒரு ஆட்டம் செல்லாது! ஏழு ஆட்டம் வை!" என்று கத்தினேன். கோபத்தில் ஆங்கிலத்தில் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், பிலடெல்பியா ஆசாமி, இயந்திரத்தால் பனியை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தவர், என்ன ஏழு ஆட்டம் என்று கேட்டார். சொன்னேன். வில்ட் பெயர் வந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு வேலியோரம் வந்தார்.

"எங்கப்பா அன்னைக்கு ஹெர்ஷியில இருந்தார், தெரியுமா?"

4,125 என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு மண்வாரியைப் பனியில் நட்டேன்.