கண்ணாடியை ஏத்துங்க, கண்ணாடியை இறக்குங்க

அவனியாபுரத்தில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் விமானத்தின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு வரலாம். மதுரை விமான நிலையம் அவ்வளவு பக்கம். கொழும்புக்கும் துபாய்க்கும் அங்கிருந்து ஆள் பறக்கிறது. நம் தம்பதி மட்டும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அவர்களுக்கு லீவு என்றால் மே மாதம், கடல், சொந்தக் கார். மகன் "ஃப்ரெண்ட்ஸோட போறேன்" என்றும், மகள் "இந்த வெயில்ல யாரு வருவா" என்றும் கழன்றுகொண்ட பிறகு, கல்யாணமாகி இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து இருவர் மட்டும் கிளம்புகிற ஜாதி இது. தெருவுக்கு இரண்டு ஜோடியாவது தேறும்.

போகும்போது அவர் தங்கமான மனிதர். பாம்பன் சாலைப் பாலத்தில் மெதுவாக ஓட்டி, 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் கதையைச் சொல்வார். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் கப்பலுக்காக நடுவில் அப்படியே மேலே எழும்புவதை, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்திக் காட்டுவார். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலைச் சொல்லும்போது குரல் கம்மும். அரிச்சல்முனையில் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து அலைக்குள் இறங்கியிருக்கிறார். அந்தப் போட்டோ ஃபேமிலி குரூப்பில் போய், மகள் சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருக்கிறாள்.

அந்த ஆள் கன்னியாகுமரி லாட்ஜில், கடைசி நாள் காலை அலாரத்தோடு காணாமல் போகிறார். எழுந்திருப்பது ஆபீஸ் ஆள். ஊரே சூரிய உதயத்துக்காகக் கரையில் கூடி நிற்க, வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தை எல்லாரும் செல்போனில் இழுத்து இழுத்துப் பிடிக்க, இவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கடலிலிருந்து செம்பிழம்பு முக்கால்வாசி வெளியே வந்ததும், "உதிச்சிருச்சு, கிளம்பலாம்" என்கிறார்.

அவசரத்துக்குக் காரணம் ஆபீஸ் மட்டுமில்லை. கடன்.

ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி வந்தபோது வீட்டம்மா ஆசைப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் அவர் ஒரே பதில்தான் சொல்லியிருந்தார்: "வரும்போது பாத்துக்கலாம்." தூத்துக்குடி மக்ரூனா? வரும்போது. உடன்குடி கருப்பட்டியா? இப்பவே வாங்கி எங்கிட்டு வைக்கிறது, வரும்போது. மணப்பாட்டு மேட்டில் ஏறிப் பார்க்கணுமா? வரும்போது. நம் ஊர்க் கணவர்கள் கையெழுத்துப் போடாமல் எழுதித் தரும் பிராமிசரி நோட்டு இந்த "வரும்போது". அத்தனை நோட்டுக்கும் தவணை முடிவது பயணத்தின் கடைசி நாள். அதனால்தான் கடைசி நாளில் அவர் வேறு வழியாகத் தப்பப் பார்ப்பார்.

"நாலுவழிச் சாலையப் புடிச்சா மத்தியானச் சோறு வீட்ல" என்கிறார். கன்னியாகுமரியிலிருந்து மதுரை 240 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்ரீநகரிலிருந்து வருகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை. வாதத்தில் ஓட்டையில்லை. ஆனால் அம்மா ராத்திரியே வீட்டுப்பாடத்தை முடித்து வைத்திருக்கிறார்.

"அங்கிட்டுப் போனா நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர்னு நாலு டோல்கேட்டு. கடக்கரையோட தூத்துக்குடி போயி ஏறுனா புதூர் பாண்டியாபுரம், எலியார்பத்தி. ரெண்டே ரெண்டு. யோசிச்சுப் பாருங்க."

இதில்தான் மனிதர் விழுகிறார். கப்பலூர் டோல்கேட் ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடுவதைப் பற்றி டீக்கடையில் முழங்கியவர் அவர். கப்பலூருக்குக் காசு கட்டாமல் வீடு போய்ச் சேருவது அவருக்குக் கொள்கைப் பிரச்சினை. கடலோரத்தில் கூடுதலாகக் குடிக்கப்போகும் பெட்ரோலை அம்மா கணக்கில் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

கூடங்குளத்தின் குவிமாடங்கள் தெரிந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிடுகிறது. "ஒண்ணொண்ணும் ஆயிரம் மெகாவாட்டு!" "அப்புறம் எதுக்கு நம்ம தெருவுல அடிக்கடி கரண்ட் போகுது?" அதற்குப் பிறகு உவரி வரை மௌனம். மணப்பாட்டில் முதல் நோட்டு பட்டுவாடா ஆகிறது. மணல்மேட்டின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கிய குகை, சுற்றிலும் கடல். தமிழ்நாட்டுக் கரையில் இதைவிட அழகான மேடு இருக்கிறதா என்பது சந்தேகம். அம்மா மேலே ஏறி நின்று காற்று வாங்குகிறார். அவர் கீழே இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

குலசேகரன்பட்டினம் வந்ததும் அவர் கடைசியாக ஒரு முறை முயல்கிறார். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டிய ஊர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு விட்டால் இலங்கை மேல் போகாமல் வளைந்து திரும்பவேண்டும், அதில் எரிபொருள் வீண். இங்கிருந்து விட்டால் நேராகத் தெற்கே கடல்தான். இதை விளக்கிவிட்டு, "ராக்கெட்டுக்கே சுத்து வேணாம்னுதான் இம்புட்டு எடத்த எடுத்து இங்க வைக்கிறான். நமக்கு மட்டும் எதுக்கு உடன்குடி சுத்து?" என்கிறார்.

"ராக்கெட்டு திரும்பி வராது. நம்ம வீட்டுக்குப் போகணும்ல. வெறுங்கையோடயா போறது?"

வண்டி உடன்குடிக்குத் திரும்புகிறது.

கருப்பட்டி வாங்குவதை நின்று பார்க்கவேண்டும். புவிசார் குறியீடு 2023-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா அரசு முத்திரையை நம்புகிறவர் இல்லை. சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைவட்டத்தில் ஒன்றைத் தூக்கி, முதலில் முகர்கிறார். பிறகு ஓரத்தை விரலால் நெருடி ஒரு துணுக்கு உடைத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கடைக்காரரின் பொறுமை தீரும்வரை யோசிக்கிறார். சீனி கலந்திருந்தால் முதலில் இனிப்பு ஓடிவரும். அசலில் லேசாக ஓர் உப்புக்கரிப்பு தட்டும் என்பது அவர் மாமியார் சொல்லிக்கொடுத்தது. இவர் இதற்குள் ஜிபே செய்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். இன்னும் துணுக்கு ருசி முடிவாகவில்லை.

திருச்செந்தூரில் வரிசையைப் பார்த்ததும், "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்கிறார். ஒன்பது நிலைக் கோபுரம் ஊருக்கெல்லாம் தெரிகிறது, நேரத்தோடு கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது உட்பொருள். ஆனால் பன்னீர் இலையில் மடித்த விபூதி கோபுரத்திலிருந்து தானாக இறங்கி வராது. அவனியாபுரத்தில் அதற்கென்று காத்திருப்பவர்கள் மூன்று வீடு. வெறுங்காலோடு சுடுதரையில் ஓடி, வரிசையில் நின்று, வியர்த்துக் கொட்டி வாங்கிய விபூதி, டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அமர்கிறது.

ஆறுமுகநேரி தாண்டியதும் உப்பளங்கள். மே மாத வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைக்க, குவித்த உப்பு வெள்ளைக் குன்றாக நிற்கிறது. குனிந்து நிமிர்ந்து உப்பு வாருகிற பெண்களைப் பார்த்து அம்மா, "இந்த வெயில்லயா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். காருக்குள் ஏசி ஓடுகிறது. ஐயா அதைக் கொஞ்சம் குறைக்கிறார், ஏனென்று தெரியவில்லை.

தூத்துக்குடியில்தான் உச்சகட்டம்.

மக்ரூன் என்பது முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து வாட்டி எடுப்பது. போர்த்துக்கீசியர் வந்துபோன கரையில் மிச்சம் நின்ற ருசி. வாயில் போட்டால் கரையும். அதற்குமுன் கையில் பிடித்தாலே நொறுங்கும். அதைவிட முக்கியம், உப்புக்காற்று பட்டால் நமுத்துப் பிசுபிசுத்துவிடும். ஆகவே டப்பா அம்மாவின் மடியில், குழந்தையைவிடப் பத்திரமாக. கண்ணாடி நான்கும் ஏற்றப்படவேண்டும்.

அடுத்த கடை கருவாடு. நெத்திலியும் சீலாவும். இதை எதிர்க்க ஐயா வாயைத் திறந்து மூடிக்கொள்கிறார், ஏனென்றால் கேட்டது அவரைப் பெற்ற தாயார். "மதுரையில கிடைக்காத கருவாடா?" என்று அவர் போனில் ஈனஸ்வரத்தில் கேட்டதற்கு, "அது கெடக்கு, கடக்கரையில வாங்குற மாதிரி வருமா?" என்று பதில் வந்தது. கடைக்காரர் நியூஸ்பேப்பரில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அதையும் இன்னொரு பையில் போட்டு, "மணமே வராதுண்ணே" என்று சத்தியம் செய்கிறார். டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்தி ஊர் எல்லை தாண்டுவதற்குள் மணம் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது கண்ணாடி இறக்கப்படவேண்டும்.

"இறக்குனா மக்ரூன் நமுத்துரும்."

"ஏத்துனா நான் நமுத்துருவேன்."

இதற்கு நடுவில் டாஷ்போர்டிலிருந்து முருகன் விபூதி இரண்டு பேரையும் பார்க்கிறது. கருவாட்டோடு விபூதி ஒரே வண்டியில் வரலாமா என்ற கேள்வி அம்மாவுக்குத் திடீரென உதிக்க, விபூதி அவர் கைப்பைக்கு இடம்பெயர்கிறது. கைப்பை ஒரு தனிக் கோயில் என்பது ஏற்பாடு. பத்து நிமிஷம் ஏற்றி, இரண்டு நிமிஷம் இறக்கி, புதூர் பாண்டியாபுரம் தாண்டுகிறார்கள். ஃபாஸ்டாக் கழித்த தொகை போனில் 'டிங்' என்று வருகிறது. ஐயா அதைச் சத்தமாக வாசிக்கிறார். யாரும் கேட்கவில்லை.

எட்டயபுரத்தில் பலகையைக் காட்டி அம்மா கேட்கிறார்: "பாரதியார் பொறந்த வீடு இங்கதான? மணிமண்டபமும் இருக்குன்னு சொன்னீங்கள்ல?" கல்கி பாடுபட்டுக் கட்டவைத்து, 1947-இல் ராஜாஜி திறந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கதோஷத்தில் சொல்கிறார்:

"வரும்போது பாத்துக்கலாம்."

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும். "இதாங்க வரும்போது" என்கிறார் அம்மா. வண்டி அதற்குள் ஊரைத் தாண்டிவிட்டது. பந்தல்குடி வரை மக்ரூன் டப்பாவின் மேல் ஒரு விரல் தாளம் போட்டுக்கொண்டே வருகிறது. அது நல்ல அறிகுறி இல்லை. அருப்புக்கோட்டையில் அவராகவே நிறுத்தி, "டீ சாப்புடுறியா?" என்று கேட்கிறார். கேட்டதே சமாதானம்.

எலியார்பத்தித் தடுப்பு மேலே எழுந்ததும், தை முதல் நாள் அவனியாபுரத்து வாடிவாசல் திறந்த மாதிரி பாய்கிறது கார். மண்டேலா நகர், ரிங் ரோடு, தலைக்கு மேல் ஒரு விமானம். வாசலில் மகள் நின்று, "என்ன இப்படி நாறுது?" என்று வரவேற்கிறாள்.

பட்டுவாடா ராத்திரியே ஆரம்பம். மாடி வீட்டு மாமி சைவம், முட்டை ஆகாது, அவருக்குக் கருப்பட்டி. எதிர் வீட்டுக்கு மக்ரூன், கொழுந்தியாள் வீட்டுக்கு மக்ரூன், செடிக்குத் தண்ணீர் ஊற்றிய வீட்டுக்கு மக்ரூனும் விபூதியும். கருவாடு நேராகப் பாட்டியின் காவலுக்குள் போகிறது. கன்னியாகுமரி எப்படி இருந்தது என்று கேட்ட எல்லாரிடமும் ஐயா டோல்கேட் கணக்கைச் சொல்கிறார். டப்பாவின் அடியில் மிஞ்சிய தூளை மகன் அண்ணாந்து வாயில் கொட்டிக்கொள்கிறான்.

மறுநாள் காலை அவர் ஆபீசுக்குச் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வருகிறது.

"என்னாங்க, வரும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரியில கால் கிலோ மக்ரூன் வாங்கிட்டு வாங்க. நம்ம வாயில ஒண்ணுகூடப் போடல."