காப்பாரை யார் காப்பார்?

வா பேராண்டி, வா வா. செருப்பை வாசல்ல கழட்டலாம், காணாமப் போகாது. நம்பிக்கை இல்லன்னா கக்கத்துல இடுக்கிக்கிட்டே உக்காரு, எனக்கொண்ணும் இல்ல. காடிக்கு ஸ்டீரிங் பூட்டு போட்டியா? போட்டுட்டு, திரும்பிப் போய் இழுத்தும் பாத்தியே, ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உங்கம்மா என் தங்கச்சி மக. அவ வயித்துல பொறந்தவன் வேற எப்படி இருப்பே?

நேத்து ராத்திரி போன் போட்டா. "மாமா, இவன் காப்பார்ல வீடு வாங்குறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நீங்கதான் நாலு புத்தி சொல்லணும்"னா. எழுபத்து மூணு வருசமா காப்பார்லயே கிடக்கிறவனை விட்டு, காப்பார்ல இருக்காதேன்னு சொல்லச் சொல்றா. கெட்டிக்காரி. "அனுப்பி வையம்மா, சொல்றேன்"னேன். புத்திக்கு என்ன பஞ்சம்? என்கிட்ட மூட்டை மூட்டையாக் கிடக்கு, வாங்கத்தான் ஆளில்ல.

"ஏம்மா வேணாங்கிறே?"ன்னேன். "கேங்ஸ்டர் ஊராமே மாமா."

அந்த விசயமா நானே ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்கேன், கேளு. உங்க பிரிக்பீல்ட்ஸ்ல வெத்தலை வாங்கினேன். "ஐயா எங்கேருந்து?"ன்னான் கடைக்காரன். கிள்ளான் பக்கம்னேன். மிச்சக் காசை ரெண்டு தடவை எண்ணிக் குடுத்தான். கிள்ளான் வந்து தெங்கு கிளானா ரோட்டுல தே குடிச்சேன். "எந்த இடம் தாத்தா?" காப்பார்னேன். "அய்யோ, பாத்து இருங்க. டவுன்ல ஒண்ணும் கிடையாது, எல்லாம் அந்தப் பக்கம்தான்." காப்பார்ல வந்து இறங்கினா பஸ் ஸ்டாப்புல நம்ம ஆளு சொல்றான், "நம்ம தாமான் தங்கம்ணே. பின்னாடி இருக்கு பாருங்க ஒரு தாமான், அங்கதான்." நான் விடுவேனா? அந்தத் தாமானுக்கே நடந்து போனேன். ஒரு அம்மா வாசல் கூட்டிக்கிட்டிருந்துச்சு. "இங்க கேங்ஸ்டர் இருக்காங்களாம்லா?"ன்னேன். மேலயும் கீழயும் பாத்துச்சு. விளக்குமாத்தைக் கை மாத்திப் புடிச்சுச்சு. "நீங்க எந்தத் தாமான்?"னுச்சு. சொன்னேன். உள்ள போய்க் கேட்டைப் பூட்டிக்கிச்சு.

கேங்ஸ்டர் எப்பவும் அடுத்த ஸ்டாப்புலதான் இறங்குவான், பேராண்டி.

ஆமா, இதுக்கு முன்னாடி எங்க வீடு பாத்தே? செத்தியா ஆலாம்ல. விலை கேட்டுத் தலை சுத்தி இந்தப் பக்கம் திரும்பியிருக்கே. அது நமக்கு அக்கம்பக்கத்து ஊருதான். போன தலைமுறையில அதுக்கு நார்த் ஹம்மொக் தோட்டம்னு பேரு. இங்க கடிச்ச அதே கொசுதான் அங்கயும் கடிச்சுது. இப்ப குளம் வெட்டி, விளக்கு போட்டு, பேரை மாத்திட்டான். பேரையாவது பாத்து வச்சானா? நுழையறப்பவே "செத்தியா?"ன்னு கேக்குது. அங்க போக உங்கம்மாவுக்குப் பயமில்ல. "காப்பார்"னு போர்டுலயே வாக்குக் குடுக்கிற ஊருக்குத்தான் பயம். சிரிக்காதே, மலாய்ல செத்தியான்னா விசுவாசம்னு எனக்கும் தெரியும். காப்பாருக்கும் மலாய்ல அர்த்தம் உண்டு: தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்து ஒதுங்குற கட்டை, குப்பை. எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. தோட்டத்தை வித்தப்போ லயத்துலேருந்து அடிச்சுக்கிட்டு வந்து இந்தத் தாமான்ல ஒதுங்கினவன்தானே நான்.

இப்ப நம்மளை அடங்காதவன்ங்கிறாங்கள்ல, எங்கப்பா காலத்துல நமக்கு இருந்த பேரே வேற. தமிழன்னா அடங்கினவன், சொன்ன வேலையைச் செய்வான், எதுத்துப் பேச மாட்டான். அந்தக் குணத்துக்காகத்தான் துரைமார் நம்மளைக் கப்பல் கப்பலா இறக்கினாங்க. எங்கப்பா காசு சேத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். தோட்டத்து ரோட்டுல துரை எதிர்ல வந்தா இறங்கி நிக்கணும். கிராணி வந்தாலும் இறங்கணும். "ஓட்டுனதை விடத் தள்ளுனதுதான்டா அதிகம், நடந்தே போயிருக்கலாம்"பார்.

1941-ல அந்த அடங்கினவன் என்ன பண்ணினான் தெரியுமா? கிள்ளான் வட்டாரத் தோட்டமெல்லாம் வேலையை நிறுத்திட்டு உக்காந்துட்டான். தமிழ் நேசன் பத்திரிகையில வேலை பாத்த ஆர்.எச். நாதன்தான் முன்னாடி நின்னார். சீனருக்குக் குடுக்கிற கூலியை எங்களுக்கும் குடு, பிள்ளைங்களுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் குடு, கள்ளுக்கடையை மூடு. இதெல்லாம் கேட்டாங்க. அதோட இன்னொண்ணு: துரையைப் பாத்து சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலியை விட இதுக்குத்தான் துரைமாருக்கு மூக்கு சிவந்துச்சும்பார் அப்பா. மே 5-ம் தேதி நாதனைப் புடிச்சு உள்ள வச்சாங்க. 16-ம் தேதி அவசரகாலம்னு சொல்லி, இந்தியச் சிப்பாயையே கொண்டாந்து இந்தியக் கூலிக்கு எதிரா நிறுத்தினாங்க. சுட்டதுல அஞ்சு பேர் போய்ச் சேந்தாங்க. நாதனை நாடு கடத்திட்டாங்க.

அடங்கினவன்ங்கிற பேரு அந்த மாசத்தோட அழிஞ்சுது. அழிச்ச எடத்துல என்ன எழுதினாங்க? "கிள்ளான் ஆளு, ஜாக்கிரதை." நடுவுல ஒரு நாளாவது நம்மளைச் சும்மா மனுசன்னு யாராவது எழுதினாங்களான்னு தேடிப் பாக்குறேன், கிடைக்கல. நான் இப்ப மோட்டர்ல போறப்ப யாருக்கும் இறங்குறதில்ல. முட்டிவலி வேற, இறங்கினா ஏற முடியாது.

அதுக்கும் முன்னாடி கிள்ளான்னா காய்ச்சல். 1901-ல ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தாங்க, அதான் இப்போ போர்ட் கிள்ளான். வேலையாளெல்லாம் மலேரியாவுல விழ, திறந்த வேகத்துலயே மூடிடலாமான்னு பேச்சு வந்துச்சு. மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் அந்த வருசம்தான் இங்க வந்திருந்தார். அவர் ஊர் ராசியைக் குத்தம் சொல்லல. தண்ணி எங்க தேங்குதுன்னு பாத்தார். சதுப்பை வடிய விட்டு வாய்க்கால் வெட்டச் சொன்னார். காய்ச்சல் இறங்கிடுச்சு. வெட்டினது யாருங்கிறே? நம்ம ஆளுங்கதான், அடங்கின ஆளுங்க.

இப்ப உங்கம்மா சொன்னதுக்கு வர்றேன். அதெல்லாம் சுத்தப் பொய்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். எண்பது, தொண்ணூறுல தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க. லயத்துல ஆளுக்கொரு வீடு, பின்னாடி ஒரு கீரைப் பாத்தி, ரெண்டு மாடு, ஒரு கோயில், பந்து விளையாட ஒரு திடல். அதை விட்டு அஞ்சாவது மாடிக்கு ஏத்திவிட்டாங்க. மாட்டை எங்க கட்டுறது, லிப்டுலயா? அப்பன் செம்பனைக் குலை வெட்டத் தெரிஞ்சவன், பேக்டரியில அவனுக்கு என்ன வேலை? பையன் பள்ளிக்கூடத்துல பாதியில நின்னான். சாயங்காலமானா படிக்கட்டுல பத்துப் பேர் உக்காந்திருப்பாங்க. அந்தப் படிக்கட்டுலதான் தேங்கினாங்க. வாய்க்கால் வெட்ட ஒரு வாட்சன் வரல. வேற ஆளுங்க வந்தாங்க, கையில காசோட. எங்க லயத்துல என் மடியில விளையாடின ஒருத்தன் அப்படிப் போய் ஜெயில்லயே செத்தான். நல்லாப் பந்து விளையாடுவான்.

சரி, தே ஆறுது. குடி.

அதோ, மரத்துக்கு மேல புகைபோக்கி தெரியுதா? சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம். நிலக்கரியைக் கப்பல்ல கொண்டாந்து எரிக்கிறான். கரி எங்களுக்கு, ஏர்கான் உங்களுக்கு. அங்க சாம்பல் கொட்டுற குட்டை இருக்கு பாரு, செப்டம்பர் பொறந்தா சைபீரியாவுலேருந்து உள்ளான் குருவியெல்லாம் ஆயிரக்கணக்குல வந்து இறங்குது. பின்னாடியே கேஎல்காரன் பீரங்கி மாதிரி கேமராவைத் தூக்கிக்கிட்டு வர்றான். என்கிட்ட, "அங்கிள், இங்க சேஃப்பா?"ன்னான் ஒருத்தன். குருவிக்கா உனக்கான்னேன். சைபீரியாவுலேருந்து வர்றது பூட்டு சாவி இல்லாம வந்து மார்ச் வரைக்கும் குடியிருந்துட்டுப் போகுது. பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ஒரு மணி நேரத்துல வர்றதுக்கு உங்கம்மா மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டிருக்கா.

நான் மட்டும் பெரிய யோக்கியனா? உங்க ஊரைப் பத்தி நான் பேசாத பேச்சா? லிட்டில் இந்தியான்னு 2010-ல மன்மோகன் சிங்கைக் கூட்டியாந்து திறந்தாங்க. யானை பொம்மை, வளைவு, கலர் கலரா கம்பம். நம்ம ஆளு குடியிருந்தா இப்படித்தான் இருக்கணும்னு யாரோ முடிவு பண்ணி வரைஞ்ச படம் அது. ரயில்வேக்காரனும் யாழ்ப்பாணத்துக் கிராணியும் இருந்த இடம், அதுக்கும் முன்னாடி யாப் குவான் செங் செங்கல் சூளை போட்ட இடம். அதைப் போய் இந்தியாங்கிறான், இந்தியாவையே பாக்காதவங்க இருக்கிற தெருவைன்னு சொல்லிச் சிரிப்பேன். அங்க இருக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாதவன், சாவு விழுந்தாக்கூடப் பார்க்கிங் கிடைச்சாத்தான் வருவான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

கண்புரைக்கு ஆபரேசன் பண்ணி உங்க வீட்ல பத்து நாள் கிடந்தேனே, ஞாபகம் இருக்கா? ஒரு சாயங்காலம் உங்கம்மாவுக்குத் தெரியாம வடை திங்கக் கிளம்பினேன். ரோட்டைக் கடக்க முடியல. காடி விடவே மாட்டேங்குது. பக்கத்துல ஒரு மனுசன், கையில வெள்ளைக் குச்சி. உங்க ஊர்லதானே பார்வை இல்லாதவங்க சங்கம் இருக்கு. "அங்கிள், கடக்கணுமா? என் தோளைப் புடிச்சுக்குங்க"ன்னார். எனக்கு ஒரு கண்ணுலதான் கட்டு, அவருக்கு ரெண்டும் தெரியாது. குச்சியை நீட்டினார், காடியெல்லாம் நின்னுடுச்சு. வடைக்கடை வாசல்ல விட்டுட்டு, "இங்க மெதுவடை நல்லாருக்காது, மசால்வடை வாங்குங்க"ன்னுட்டுப் போனார். பிரிக்பீல்ட்ஸ்காரனைப் பத்தி நான் சேத்து வச்ச பேச்செல்லாம் அன்னைக்கு அந்த வடையோட போச்சு. இன்னும் ரெண்டொண்ணு மிச்சம் வச்சிருக்கேன், உன்னைக் கிண்டல் பண்ண வேணுமில்ல.

எங்க தாத்தா ஊருக்குப் போனேனே தமிழ்நாட்டுக்கு, அந்தக் கதை இன்னும் மோசம். 'கபாலி' படம் வந்த மறுவருசம், 2017. மலேசியாவான்னு கேட்டவனெல்லாம் என் கோட்டு எங்கன்னு தேடுறான். ஒரு பொடியன், "தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"ங்கிறான். சரி, அவன்தான் அப்படி. நான்? பாவம் பட்டிக்காடு, ஒண்ணும் கிடைக்காதுன்னு கோடாலித் தைலம் ஒரு டஜன் பையில வச்சுக் கொண்டு போனேன். அவன் வீட்டு அலமாரியில அதே தைலம் வரிசையா இருக்கு. போன்ல தட்டினா வீட்டுக்கே வருதாம்.

சரி, புத்தி கேட்டுத்தானே வந்தே. கேங்ஸ்டரை விடு, நிஜமான தொல்லையைச் சொல்றேன். விடிகாலை அஞ்சுலேருந்து ஜாலான் காப்பார்ல கண்டெய்னர் லோரி. காடியில போனா லோரிக்குப் பின்னாடி, மோட்டர்ல போனா லோரிக்குப் பக்கத்துல, ரெண்டும் ஆகாது. காப்பாருக்கு ரயில் கிடையாது. 2024-ல கிள்ளான் மாநகரம் ஆயிடுச்சுன்னு அறிவிச்சாங்க, ரோட்டுக் குழிக்கு மட்டும் யாரும் சேதி சொல்லல போலிருக்கு. கடல் காத்துல கேட்டுக் கம்பி துருப்பிடிக்கும், ரெண்டு வருசத்துக்கொரு தடவை பெயின்ட் அடி. பக்கத்து வீடு ஒரு ஜாவாக்கார பாக், மூணு தலைமுறையா இங்க இருக்காங்க. வாழைத்தார் வெட்டினா ஒரு சீப்பு உன் கேட்டுல தொங்கும். வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்காதே, தீபாவளிக்கு முறுக்கு போகணும். ஒரு வருசம் மறந்தேன், மறு வருசம் தார் பழுத்தும் சீப்பு வரல.

அப்புறம், கேஎல்ல எவனாவது காப்பார் பயங்கரமாமேன்னு கேட்டா மறுத்துப் பேசாதே. ஆமா, பயங்கரம்னு சொல்லு. அந்தப் பேரு இருக்கப் போய்த்தான் இந்த விலைக்கு உனக்கு மூணு ரூம் வீடு. நல்ல ஊருன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கே குளம் வெட்டி விளக்கு போட்டுடுவான்.

யாரு அது, வாசல்ல மோட்டர் சத்தம்? பயப்படாதே, சாவியைக் கீழ வை. அவன் கடைசி வீட்டுப் பையன், ஏர்கான் ரிப்பேர் பாக்குறான். கையில டிராகன் குத்தியிருக்கான்ல, ஊசிக்கு எவ்வளவு அழுதான்னு அவங்கம்மா சொல்லும். நல்ல வேலைக்காரன். நாலு கம்பெனிக்கு எழுதிப் போட்டான், காப்பார்னு அட்ரஸ் பாத்ததும் ஒரு பதிலும் இல்ல. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. போன மாசம் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் அட்ரஸ் ஒண்ணு போட்டுப் பாருடான்னேன்.

எங்க அட்ரஸா? உங்க வீட்டு அட்ரஸ்தான், வேற எது எனக்கு மனப்பாடம்? ஏன் முழிக்கிறே? உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. தெரியாத பேர்ல ஒரு லெட்டர் வந்துச்சுன்னு அன்னைக்குச் சொல்லிக்கிட்டிருந்தா, கிழிச்சுப் போட்டாளா, வச்சிருக்காளான்னு மெதுவாப் பாரு. இருந்தா அடுத்த வாரம் வர்றப்ப எடுத்துட்டு வா. வர்ற வழியில அந்தக் கடையில மசால்வடையும் நாலு.