பூட்டன் பிறந்த பத்திரம்

தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எங்கள் டயகமத் தோட்டத்தில் மனப்பாடம் என்றால் சத்தம் போட்டுத்தான். லயத்தில் ஒரு காம்பராவில் படித்தால் ஆறு காம்பராவும் பரீட்சை எழுதலாம். "1773 டிசம்பர் 16, பொஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது" என்று மூன்றாம் தடவை கத்தியபோது, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அப்பாயி எட்டிப் பார்த்தார்.

"தேயிலையவா? கடல்லயா? எத்தன கிலோ?"

92,000 இறாத்தலுக்கு மேல். கிலோவில் சுமார் 42,000 என்றேன்.

"பச்சக் கொழுந்தா, தூளா?"

"தூளு அப்பாயி."

கல்லில் ரொட்டி கருகியது. வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்தவர். தராசில் அரைக் கிலோ குறைத்து எழுதினதற்கே ஒரு கணக்கப்பிள்ளையோடு பல வருடம் பேசாமல் இருந்தவர். "அது எத்தன பேருக் கொழுந்துன்னு கணக்குப் பாத்துச் சொல்லு பாப்பா" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தங்கச்சி கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அமெரிக்க சரித்திரத்தை அப்பாயிக்கு விளங்கப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

சீமையில் மூன்றாம் ஜோர்ஜ் என்று ஒரு பெரிய தொரை. அவருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் 13 டிவிசன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்டோரில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. அதைத் தள்ளிவிட 1773இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதனால் தேயிலை விலை ஏறவில்லை, இறங்கியது. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. விலை குறைந்தால் யாருக்குக் கோபம் வரும்? ஒல்லாந்தர் தேயிலையைக் கள்ளமாக இறக்கி விற்றுக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு வரும். அவர்கள் பக்கத்தில் சாமுவேல் அடம்ஸ் நின்றார். முன்பு வரி வசூலிக்கும் உத்தியோகத்தில் இருந்து, ஒழுங்காக வசூலிக்காமலே விட்டு ஜனங்களிடம் நல்ல பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் சங்கத் தலைவர் ஆகாமல் வேறு யார் ஆவார்கள்? "எங்கள் ஆள் ஒருவனும் உட்காராத பாராளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடும்?" என்பது கோஷம். கோஷத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு கூட்டம் முகத்தில் கரியைப் பூசி, மோஹாக் என்ற அந்த நாட்டு ஆதிக்குடிகள் மாதிரி வேசம் கட்டிக்கொண்டு இறங்கியது.

"காமன் கூத்து மாதிரியா?"

கிட்டத்தட்ட. ஆனால் எங்கள் கூத்தில் காமன் எரிந்தாலும் அப்புறம் எழுப்பிவிடுவார்கள். அங்கே தேயிலை எழும்பவில்லை. கோடரியால் பெட்டிகளைப் பிளந்து கொட்டிவிட்டு, தளத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள். உடைந்துபோன பூட்டு ஒன்றுக்குப் பதில் புதுப் பூட்டு அனுப்பிவைத்ததாகவும் ஒரு கதை உண்டு. கோட்டுக்குள் கொஞ்சம் தேயிலையை ஒளித்தவனைப் பிடித்துக் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். அதைக் கேட்டதும் அப்பாயி, "அங்கயும் கேட்ல சோதனையா?" என்று முகத்தைச் சுளித்தார்.

அந்த 1773இல் டயகம காடு. தேயிலை இல்லை, கோப்பிகூட இல்லை. கண்டியில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சம். முடி சூட்டும்போது அவருடைய தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று யாரும் பத்திரம் கேட்டதாகத் தெரியவில்லை. சரியாக நூறு வருடம் கழித்து, 1873இல், இலங்கைத் தேயிலை முதன்முதலாக லண்டனுக்குப் போனது. மொத்தம் 23 இறாத்தல். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஆரம்பித்து வைத்த வேலை அது.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். வரி போட்ட தொரையை விரட்டிவிட்டார்கள். 'எல்லா மனிதரும் சமம்' என்று 1776இல் எழுதினார்கள். எழுதிய ஜெபர்சனிடம் வாழ்நாள் கணக்கில் 600க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1787இல் அரசியலமைப்பு எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதை ஜனத்தொகையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அடிமையை ஆளாக எண்ணுவதா, வேண்டாமா? பேரம் பேசிப் பேசி, ஓர் அடிமை ஐந்தில் மூன்று ஆள் என்று முடித்தார்கள். நம்மூரில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். அங்கே அரைப்பேருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அந்தப் பேர் விழுந்தது தொரையின் கணக்கில். அடிமைக்கு ஓட்டுக் கிடையாது.

உள்நாட்டு யுத்தம் நடந்து ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த பிறகு, 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவன் அமெரிக்கப் பிரஜை. சன் பிரான்சிஸ்கோவில் சீனத் தாய் தகப்பனுக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1898இல் ஜெயித்தான்.

அதே 1898இல்தான் லூசியானாவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கறுப்பர் ஓட்டுப் போடக்கூடாது என்று எழுத்தில் எழுதினால் அரசியலமைப்பு இடிக்கும். அதனால், ஓட்டுப் போட எழுத்தறிவு வேண்டும், அல்லது சொத்து வேண்டும் என்றார்கள். ஆனால் 1867 ஜனவரி 1க்கு முன்னால் உன் அப்பனோ தாத்தாவோ ஓட்டுரிமை உள்ளவனாக இருந்தால், நீ கைநாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. கறுப்பனின் தாத்தா அப்போது ஓட்டு எங்கே, உடம்பே சொந்தமில்லாதவர். ஊரே இதற்குத் 'தாத்தா சட்டம்' என்று பேர் வைத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிச் சட்டம் செல்லாது என்று சொல்ல 1915 வரை ஆனது.

"தாத்தாவோட நின்னுட்டாங்களா?" என்று கேட்டார் அப்பாயி. குரலில் ஏதோ ஏமாற்றம்.

அவருக்கு அப்படித்தான் இருக்கும். 1947 தேர்தலில், இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டச் சனத்தின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களில் வென்றது. தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் தொண்டமான். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் போதாது. அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையா? அப்படியானால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லூசியானாக்காரன் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். தாத்தாவைத் தாண்டிப் பூட்டன் வரை போக அவனுக்குத் தோன்றவில்லை. தலைமன்னாரில் இறங்கி வந்த பூட்டன்மார் சிலர் கழுத்தில் நம்பர் அடித்த தகர டிக்கட்டைத் தொங்கவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆளைச் சாமான் மாதிரி டிக்கட் கட்டி இறக்கியபோது பத்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

1949இல் இன்னொரு வழி திறந்தார்கள், விண்ணப்பிக்கலாம் என்று. கல்யாணம் ஆகாதவர் பத்து வருடம், ஆனவர் ஏழு வருடம் தொடர்ந்து இருந்ததாக நிரூபிக்க வேண்டும். தாலி கட்டினால் மூன்று வருடம் கழிவு. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போய், கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அப்பாயியின் அப்பாவும் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டு, நடுவில் இந்தியாவில் ஊர்த் திருவிழாவுக்குப் போனாயா என்று கேட்டார்களாம். மனுசன் பொய் சொல்லத் தெரியாமல், முடியிறக்கப் போனேன் என்று சொல்லிவிட்டார். மொட்டைத் தலையோடு பிரஜாவுரிமையும் போனது.

பிரஜாவுரிமை இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை. தேயிலை ஏற்றுமதி வரி மட்டும் ஒரு வருடம்கூடத் தவறாமல் அரசாங்கப் பெட்டிக்குப் போனது. பொஸ்டன்காரன் கோஷம் அப்படியே பொருந்தும். பாராளுமன்றத்துக்குத் தொண்டமான் மறுபடி ஓட்டில் ஜெயித்துப் போனது 1977இல், முப்பது வருடம் கழித்து. இடையில், 1956இல் இதே டயகமவில் நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு ஏபிரகாம் சிங்கோ செத்தார். சிங்களத் தொழிலாளி. பூட்டன் பத்திரத்தில் அவருக்குக் குறை ஒன்றும் இருந்திருக்காது. குண்டு பத்திரம் பார்க்கவில்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களை நிறுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்தை நிறுக்கும்போதுகூட கூடைக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நிற்பாள். இதில் அதுவும் இல்லை. அப்பாயியின் அண்ணன் நீலகிரிப் பங்கில் விழுந்தார். அங்கேயும் தேயிலைதான் நட்டார். அப்பாயி இரண்டு பங்கிலும் விழாமல் இருந்து, கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரஜை ஆனார். அதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது.

"இப்ப அந்த அமெரிக்காக்காரன் எப்பிடி இருக்கான்?"

நல்லாத்தான் இருக்கிறான் என்றேன். மூன்று பென்ஸ் வரிக்குத் தேயிலையைக் கொட்டியவர்களின் நாடு 2025 ஏப்ரலில் இலங்கைச் சாமானுக்கு 44 வீதம் வரி என்று அறிவித்தது. பிறகு பேசி இறக்கினார்கள். அதே வருடம் ஜனவரி 20, ட்ரம்ப் பதவியேற்ற அன்றே இன்னொரு கட்டளை போட்டார். பிள்ளை அங்கே பிறந்தால் மட்டும் போதாது. தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரமாக வசிக்க அனுமதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். கீழ் நீதிமன்றங்கள் உடனே தடுத்தன.

அப்பாயி புது ரொட்டியைக் கல்லில் போட்டார். "இப்பத்தான் அப்பன்கிட்ட வந்திருக்கான். தாத்தா, பூட்டன் எல்லாம் பாக்கி இருக்கு. அவனுக்கு வெவரம் பத்தலன்னா இங்க ஆள அனுப்பச் சொல்லு, சொல்லிக் குடுப்போம்."

தங்கச்சி பென்சிலைக் கீழே வைத்தாள். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து. நாளுக்குப் 18 கிலோ வீதம் 10,500 பேர். வருடத்துக்கு 300 பேர் விழுந்தால், ஒரே ஆள் 35 வருடம் எடுக்க வேண்டிய கொழுந்து.

"முப்பத்தஞ்சு வருசமா?" அப்பாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொப்பியைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சீனாக்காரியோ யாரோ, எடுத்தவளுக்கு சர்வீஸ் காசு குடுத்தாங்களா, இல்லையா? அதப் புத்தகத்துல பாரு பாப்பா."