லிப்மேட் கிடைத்த நாள்

2003இல் வந்த ரெட்ஹேட் லினக்ஸ் 9இல் எம்பி3 பாட்டு பாடாது. காப்புரிமைச் சிக்கல் வேண்டாமென்று முந்தைய 8ஆம் பதிப்பிலேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றிய எங்களுக்குப் பாட்டுக் கேட்பதுதான் முதல் பரீட்சை.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் விஎல்சி பிளேயரை இறக்கி, துண்டு துண்டாக 1.44 எம்பி பிளாப்பிகளில் ஏற்றிக்கொண்டு வருவேன். மென்பொருளை ஏற்றும் ஆர்பிஎம் கட்டளை கொடுத்ததும் ‘லிப்மேட் நூலகம் வேண்டும்’ என்று நின்றுவிடும். மறுநாள் லிப்மேட். அதற்கடுத்து ஏ52டெக். பிறகு டபிள்யூஎக்ஸ்ஜிடிகே; அது வந்தால், அதுவும் தனக்கு வேண்டியதைக் கேட்கும். கடை அண்ணாச்சி ஒருநாள் கேட்டேவிட்டார்: “தம்பி, இன்னும் எத்தன சாமான்தான் கேக்கும் ஒங்க கம்ப்யூட்டரு?”

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குத் தண்ணீர் வர, தாமிரபரணியில் மேலே ஏழு அணைக்கட்டுகளைத் தாண்டியாக வேண்டும். மென்பொருளும் அப்படித்தான்; ஒன்று வர, அதற்கு வேண்டியவை எல்லாம் முதலில் வந்தாக வேண்டும். ஒவ்வொரு நிரலும் எல்லாவற்றையும் தானே சுமக்காமல் பொது நூலகங்களைப் பகிர்ந்துகொள்கிறது. இடம் மிச்சம், ஒரு பிழையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ஆனால் ஒரு நிரல் பழைய பதிப்பையும் இன்னொன்று புதியதையும் கேட்டால் இரண்டும் சேர்ந்து நிற்காது. தேவைகளைப் பார்க்காதே என்று சொல்லும் ‘நோடெப்ஸ்’ கொடுத்து வம்பாக ஏற்றலாம்தான். அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் அப்படிக் கைவைத்தால் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளைகூட ஓடாமல் போகும்.

அலைச்சல்தான். ஆனாலும் அந்த அலைச்சலில் ஒவ்வொரு நூலகத்தின் பெயரும் வேலையும் மனதில் பதிந்தன. லிப்மேட்டை எழுதியவர் ராபர்ட் லெஸ்லி. முழு எண் கணக்கை மட்டும் வைத்தே எம்பி3யைப் பிரித்துப் பாடவைக்கும் அருமையான வேலைப்பாடு அது. அதைத் தேடி அலையாதிருந்தால் அவர் பெயர் எனக்குத் தெரிந்திருக்காது.

டெபியன் லினக்ஸ்காரர்களுக்கு 1990களின் கடைசியிலேயே ஆப்ட் வந்துவிட்டது. தேவையானதையெல்லாம் அதுவே தேடிக் கொண்டுவரும். 2003 நவம்பரில் வந்த ஃபெடோரா லினக்ஸில் அதே வேலைக்கு யம் இருந்தது. இணைப்பில்லாத வீட்டில் இரண்டும் உதவாது. 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பக்கம் நிலைமை மாறியது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்தது.

இன்று ஒரே வரிக் கட்டளை. திரையில் தேவையான நூலகங்களின் பட்டியல் சரசரவென்று ஓடுகிறது; ‘ஒய்’ அழுத்துகிறோம்; முடிந்தது. இந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளை லாஸ்ஸே காலின் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனியாளாகவே கவனித்துவந்தார். உதவ வந்ததாக ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் நுழைந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாசல் வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் எஸ்எஸ்எச்சைச் சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை உள்ளே இழுத்துவந்தது. உள்நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டிப் பார்த்தார். அதனால்தான் நிலையான பதிப்புகளுக்குப் போகுமுன் தடுக்க முடிந்தது.

நெல்லையிலும் தென்காசியிலும் இன்று மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, ‘ஒய்’ அழுத்துமுன் அந்தப் பட்டியலைப் படியுங்கள். அதில் ஒரு பெயரையாவது எடுத்து, அதை யார் பராமரிக்கிறார், துணைக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாளாக இருந்தால், ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்தாவது அவருக்குக் கைகொடுங்கள்.