முப்பது பவுண்டு காற்று

காற்றுக்குக் காசு கேட்டால் சண்டைக்குப் போகிற காலம் ஒன்று நாகர்கோவிலில் இருந்தது. பஞ்சர் ஒட்டினால் காசு, டியூப் மாற்றினால் காசு. வெறும் காற்று மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்பினால் ஒரு தலையசைப்பு, மிஞ்சிப் போனால் பம்பு அடித்த பையன் கையில் ஒரு பத்துப் பைசா. காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர் அல்லவா இது? ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்குகிற காற்றில், இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தோவாளையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாங்கள். பஸ்ஸை நிறுத்த மூன்றாவதாக ஒரு கை வேண்டியிருந்தது. அதே காற்றை முப்பந்தலில் காற்றாலை வைத்துப் பிடித்து யூனிட் கணக்கில் விற்கத் தொடங்கியபோதே, டயருக்குள் போகிற காற்றுக்கும் ஒருநாள் விலைப்பலகை வரும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மாமா ஒருவர் ஆட்டோ வைத்திருந்தார். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை, பின்னால் எஞ்சின் வைத்த பஜாஜ். சாவியைத் திருகினால் புறப்படுகிற சமாச்சாரம் அல்ல. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தாழக் கிடக்கும் இரும்பு லிவரைக் குனிந்து ஒரு வெட்டு இழுக்க வேண்டும், அது இருமும், இன்னொரு வெட்டு, புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வரும். நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் மாணவன். அதனால் அந்த வண்டியில் எனக்கென்று ஒரு இலாகா ஒதுக்கப்பட்டிருந்தது. "அவன் பிசிக்ஸ் படிக்கான்லா, காத்துப் பாத்துட்டு வரட்டும்" என்பார் மாமா, ஏதோ வானிலை ஆய்வு மையத்துக்கே என்னை இயக்குநராக நியமித்த தோரணையில். நானும் அதே தோரணையில்தான் போவேன், சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு.

ஒழுகினசேரிப் பக்கம் ஒரு பூவரசு நிழலில் இருந்தது கடை. கிழிந்த லாரி டயர் ஒன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் 'பஞ்சர்' என்று எழுதினால் கடை திறந்தாயிற்று என்று பொருள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கடைக்காரருக்குப் பெயர் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது, அண்ணாச்சி, அவ்வளவுதான். ஆட்டோ போய் நின்றால் ஜாக்கி எதுவும் வராது. பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு வந்து வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்க்க, அண்ணாச்சி காலாலேயே ஒரு கருங்கல்லை உருட்டி அடியில் முட்டுக் கொடுப்பார். சக்கரம் கழன்று வரும். ஆட்டோ ரிம் ஒரே வார்ப்பு அல்ல. இரண்டு தட்டுகளை நட்டு போட்டு முறுக்கிச் சேர்த்தது. உள்ளே காற்று இருக்கும்போது அந்த நட்டுகளில் ஸ்பானரை வைத்தால் தட்டுகள் ஆளுக்கொரு திசையில் பறக்கும், நடுவில் இருக்கிற முகத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலை கிடையாது. ஆகவே வால்வை அமுக்கி, 'உஸ்' சத்தம் முழுக்கத் தீர்ந்த பிறகும் அண்ணாச்சி ஒரு பீடி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் ஊர்ச் செய்தி பரிமாறப்படுகிற நேரம். பழையாற்றில் தண்ணீர் எவ்வளவு, வடசேரிச் சந்தையில் ஏத்தன் குலை என்ன விலை, யார் வீட்டுக் கல்யாணம் நின்று போயிற்று.

பிறகு டியூப் தொட்டித் தண்ணீருக்குள் போகும், ஓர் இடத்தில் குமிழி கிளம்பும், கட்டைவிரல் அங்கே நிற்கும். அப்போதெல்லாம் சூட்டு ஒட்டு. சின்னத் தகரக் கிண்ணியின் அடியில் ரப்பர் துண்டு, மேலே எரிகிற மருந்து. டியூபோடு சேர்த்துக் கிளாம்பில் முறுக்கித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் சீறி எரிந்து ஒரு நெடி கிளம்பும். அந்த நெடிக்காகவே பக்கத்தில் நிற்கிற சிறுவர்கள் உண்டு. நான் சிறுவன் அல்ல, இருந்தாலும் நின்றேன். குத்திய ஆணியை அண்ணாச்சி எறிவதில்லை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். பாதிக்கு மேல் மாட்டு லாட ஆணிகள். நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் உழுதுவிட்டுத் திரும்பும் மாடுகளும், கோட்டாறு சரக்கு ஏற்றிய வண்டிகளும் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போனவை. மாடு போயிற்று, லாடமும் போயிற்று, வயலில் பாதி மனையாயிற்று. இப்போது டயரில் ஏறுவதெல்லாம் அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களின் ஸ்க்ரூ. பஞ்சர் மட்டும் விடாமல் நடக்கிறது.

அண்ணாச்சியின் உண்மையான வித்தை ஒட்டுவதில் இல்லை, தேய்ந்த டயரை உள்ளங்கையால் தடவி ஜாதகம் வாசிப்பதில் இருந்தது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் நின்றால் காற்றுக் குறைவாக ஓடிய வண்டி; நடுப்பகுதி வழித்து ஓரங்கள் புதுசாக இருந்தால் காற்று அதிகம்; ஒரே ஓரம் வாள் பல்லாகப் பிசிறினால் காற்றின்மேல் பழி போடக் கூடாது, புஷ்ஷையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். முன் சக்கரம் மட்டும் ஓரம் சிராய்த்திருந்தால், "ஓம் மாமன் நின்ன நெலையில ஹேண்டில முறிச்சு வளைக்கான், கேட்டியா" என்பார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாமாவோடு ஒருமுறையும் சவாரி போகாத மனிதர், மாமா வண்டி ஓட்டும் முறையை மாமியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

மூன்று சக்கரத்தின் துயரத்தை முதலில் எனக்கு விளக்கியவரும் அவர்தான். காரோ லாரியோ ரோட்டில் ஒரு குழியைக் கண்டால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போய்விடலாம். ஆட்டோ எங்கே போகும்? நடுவில் விட்டால் முன் சக்கரம் விழும், முன் சக்கரத்தைக் காப்பாற்றினால் பின்னால் ஒன்று விழும். தென்மேற்குப் பருவமழை ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை ஒரு தடவை என்று வருஷத்தில் இரண்டு முறை ரோடு கரைகிற மாவட்டத்தில், மூன்று தடம் போட்டு ஓடுகிற வண்டியைக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறைய இருந்திருக்க வேண்டும்.

சும்மா இருப்பேனா நான்? ஒருநாள் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஆட்டோ டயரின் அளவு 4.00-8, அதாவது 8 அங்குல ரிம். டயரோடு சேர்த்துக் குறுக்களவு ஏறக்குறைய 41 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர், கிலோமீட்டருக்கு 770 சுற்று. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர 20 கிலோமீட்டர் என்றால் 15,000 சுற்றுக்கு மேல். அம்பாசடர் சக்கரம் கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்குள் முடித்துவிடும். ஆகவே ஆட்டோ டயரின் ஒவ்வோர் அங்குலமும் கார் டயரைவிட ஒன்றரை மடங்கு அதிகத் தடவை ரோட்டை முத்தமிடுகிறது, ஆகவே... என்று நான் வாசித்துக்கொண்டே போக, அண்ணாச்சி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு கொள்ளாம் மக்கா. பொறத்தால எட்டுப் பேர ஏத்துனா அத எந்தப் பக்கத்துல எழுதுவ?"

எட்டுப் பேர் மட்டுமா! கனகமூலம் சந்தைக்கு மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று குலைகளை அடுக்கி, குலைக்குச் சொந்தக்காரரை அதன்மேல் உட்கார்த்தி, அவருடைய அளியனுக்கு டிரைவர் சீட்டில் பாதி கொடுத்துக் கூட்டிப்போன காலம். எங்கள் ரோடுகளில் அப்போதைய அளவு, முன்னால் முப்பதை ஒட்டி, பின்னால் அதற்குக் கொஞ்சம் மேலே. குலை ஏற்றுகிற நாளில் பின்னால் இன்னும் இரண்டு பவுண்டு. மாமா அதைக் கட்டைவிரலால் அமுக்கியே சொல்வார், காலால் எத்தி அதன் சத்தத்தில் உறுதிப்படுத்திக்கொள்வார். பெட்ரோல் பங்கில் ஒரு தூண் நின்றது: கைப்பிடியைச் சுற்றி எண்ணை வைத்துவிட்டு ஹோஸை மாட்டினால் காற்று ஏற ஏற 'டிங், டிங்' என்று மணி அடிக்கும், அளவு வந்ததும் மணி ஓயும். அந்த மணிச் சத்தத்துக்காக, ஒரு பவுண்டு கூடத் தேவையில்லாத சைக்கிளைக்கூட அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

தேய்ந்த டயரைத் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது. ரீசோல். மொட்டையானதைச் சுரண்டி, பசை பூசி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி அச்சில் வைத்து வேகவைத்தால் மறுபிறவி. அதற்கும் பிறகு நூல் தெரிய ஆரம்பித்தால் ஸ்டெப்னியாக ஓய்வு, அதற்கும் பிறகு தெருப்பிள்ளைகளுக்கு. இந்தப் பட்டை ரப்பருக்கும் நமக்கும் பழைய உறவு. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1952இல் கைவைத்தது இந்த ரீசோல் ரப்பரில்தான், டயர் அதற்கும் பின்னால். அந்த ரப்பரின் ஊற்றுக்கண்ணோ எங்கள் மலையடிவாரம். கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு என்று தோட்டங்கள். 1984இல் அவற்றுக்காக நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு ரப்பர் கழகமே வந்தது. விடியுமுன் போய்ப் பால் வெட்டுவார்கள், ஏனென்றால் குளிர்ந்த வேளையில்தான் பட்டைக்குள் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழுத்துக்கொண்டால் பால் மந்தமாகிவிடும். டயருக்கும் காலையில்தான் அளவு பார்க்க வேண்டும், காரணம் மட்டும் நேர்மாறு: ஆறேழு டிகிரி சூடு ஏறினால் டயருக்குள் ஒரு பவுண்டு கூடிவிடும், மத்தியானம் பார்த்துத் திருப்தியடைந்தவன் மறுநாள் குறைந்த காற்றோடு கிளம்புவான். குலசேகரத்தில் ஷீட்டாகக் காய்ந்து மலையை விட்டுப் போகிற பால், எங்கேயோ கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு டயராகத் திரும்பி வந்து, மாமாவின் ஆட்டோவில் மாட்டி, எங்கள் ரோட்டிலேயே தூளாகி, மழையில் எங்கள் கால்வாயிலேயே இறங்கியது. வெளியூர் போய்வந்த செலவுக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம்.

காற்று டயர் பிறந்ததே ஒரு மூன்று சக்கர வண்டிக்காக என்று பின்னாளில் படித்தபோது மாமாவுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல் தெருவில் குலுங்குகிறதே என்று ரப்பரில் காற்றடைத்துக் கட்டிப் பார்த்தார், 1888இல் காப்புரிமையும் வாங்கினார். அப்புறம்தான் தெரிந்தது, 1845இலேயே ராபர்ட் தாம்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார் என்பது. மாமா அப்போது ஆட்டோவை விற்றுவிட்டு மாடியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பய எத்தன பவுண்டு அடிச்சான்?" என்றார்.

இப்போது காற்று டிஜிட்டல். திரையில் எண்ணை அழுத்தினால் அதுவே ஏற்றி, அதுவே நிறுத்தி, 'பீப்' என்கிறது. பச்சை மூடி போட்ட நைட்ரஜன் தனிக் கட்டணம். பூவரசு நிழலில் பம்பு அடித்தபோதும் நூற்றுக்கு 78 பங்கு அதேதான் உள்ளே போயிற்று, நாங்கள் பில் கேட்கவில்லை. டியூப் இல்லாத டயரில் பஞ்சர் என்றால் ஒரு ஊசி, ஒரு புழுத்துண்டு, இரண்டு நிமிஷம், பீடிக்கு நேரமில்லை. மூன்று சக்கர வண்டி டயரின் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று மோட்டார் வாகன விதி இருக்கிறது. அண்ணாச்சியின் உள்ளங்கையில் அந்த விதி மில்லிமீட்டர் இல்லாமலே இருந்தது. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் வந்துவிட்டது, கீழே பழைய ரோடும் பழைய குழியும் அப்படியே இருக்கின்றன, ஆட்டோக்கள் பெரும்பாலும் கீழேதான்.

போன ஓணத்துக்கு வடசேரியில் ஒரு குலை வாங்கிக்கொண்டு மின்சார ஆட்டோ ஒன்றைக் கைகாட்டினேன். லிவரும் இல்லை, புகையும் இல்லை, வந்து நின்ற சத்தமே கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் குனிந்து பின் டயரைத் தடவினேன். இரண்டு ஓரமும் வழுவழு.

"தம்பி, காத்துக் குறைவா ஓட்டுறியோ?"

"இல்ல சாரே, நேத்துத்தான் மெஷின்ல பாத்தது, பாயிண்டு சுத்தம். பேட்டரி கனம் வேற இருக்குல்லா." பிறகு பின்னால் கையைக் காட்டினார். யாரோ ஏற்றிவிட்ட இரண்டு மூட்டை சேனைக்கிழங்கும், மூட்டைகளுக்கு நடுவே அவற்றின் சொந்தக்கார அம்மாவும், அம்மாவின் மடியில் ஒரு பேரப்பிள்ளையும் இருந்தார்கள். "பெட்ரோல் காசு மிச்சம், அது அப்படியே டயர்காரனுக்குப் போவுது. ஏறுங்க, கொலைய மடியில வச்சுக்கிடலாம்."

ஏறினேன். அம்மா சேனைக்கிழங்கைக் கொஞ்சம் நகர்த்தி இடம் தந்தார், எங்கே போகிறேன், யார் வீட்டுப் பிள்ளை, குலை என்ன விலை என்று ஒழுகினசேரி தாண்டுவதற்குள் கேட்டு முடித்துவிட்டார். விலையைச் சொன்னதும், ஏமாந்துவிட்டேன் என்று மூவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள், பேரப்பிள்ளை உட்பட.